கியர் பாக்ஸுக்குள் ஒரு திமிங்கலம்

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகிற சாலையில் கே.ஜி.கண்டிகை என்று ஓர் ஊர். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்கள், கண்டக்டர் குரல் கொடுத்தால்தான் கவனிப்பார்கள். கூப்பிடு தூரத்தில் ஆந்திரா. டீக்கடைப் பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. (திருத்தணியே 1960-ல்தான் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்தது. ம.பொ.சி. நடத்திய அந்த எல்லைப் போராட்டத்தை ஆரம்பித்தால் இன்றைக்கு நம் வண்டி நகராது. அது தனிக் கதை!)

அந்த ஊர்ச் சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பள்ளத்துக்கு மேலே ஒரு பிக்கப் வண்டி. கீழே நின்றபடி மெக்கானிக், கியர் பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் பாஷையில் அதற்கு 'சேம்பர்' என்று பெயர். கடைசி போல்ட்டுகளைத் தளர்த்தியதும் தட்டு ஒரு பக்கம் தாழ்ந்து, எண்ணெய் கொடகொடவென்று கீழே இருந்த டப்பாவில் கொட்டியது. கறுப்புக் காப்பி நிறம். தீய்ந்த வாடை.

மெக்கானிக் மேலே வந்து, புது டின்னைத் திறந்து, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். செக்கச் செவேலென்று இருந்தது.

"இந்தக் கலர்ல இருக்க வேண்டியது சார். கஷாயம் ஆயிட்ச்சு!"

வண்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறவர். சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால், கன்றுகளை ஏற்றி அனுப்ப எப்போதும் ஒரு டிரைவரை எதிர்பார்த்துக் கிடந்தவர், இந்த ஆட்டோமேட்டிக் பிக்கப்பை செகண்ட்ஹேண்டில் வாங்கினார். "அதுக்கு முன்னாடி வண்டி என்னுது, சாவி டிரைவருது சார்" என்றார். ஒரே வரியில் முழு சரித்திரம்!

வாங்கும்போது விற்றவர் ஒரு வார்த்தை சொன்னாராம். "ஆட்டோமேட்டிக் கியருக்கு எண்ணெயே மாத்த வேணாம். ஆயுசுக்கும் சேத்து ஊத்தியாச்சு." இவரும் நம்பிவிட்டார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, கன்று லோடுடன் திருத்தணி மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் 'ஊ'வென்று கத்துகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. கியர் பாக்ஸையே மாற்றுவதென்றால் அவர்கள் சொன்ன விலை, வண்டி வாங்கிய விலையில் பாதி!

'ஆயுசுக்கும்' என்றார்களே... யாருடைய ஆயுசு? இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்குப் போவதற்கு முன்னால், இந்தச் சிவப்பு எண்ணெயின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏனென்றால், அதில் ஒரு ஜெர்மன் கப்பல் வருகிறது, உலகப்போர் வருகிறது, ஆயிரக்கணக்கில் செத்துப்போன திமிங்கலங்கள் வருகின்றன!

சக்கரம் என்று ஒன்று வந்த நாளிலிருந்தே, கூடவே எண்ணெயும் வந்துவிட்டது. நம் ஊர் மாட்டு வண்டிக்கு 'வண்டி மை' உண்டு. விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பலைக் குழைத்து அச்சில் தடவுவார்கள். மோட்டார் காலத்திலும் விளக்கெண்ணெய் விடவில்லை. 'காஸ்ட்ரால்' என்ற பெயரே, விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர் ஆயில்' என்பதிலிருந்து வந்ததுதான்!

ஆனால், வண்டி மைக்கும் சரி, எஞ்சின் ஆயிலுக்கும் சரி, பிரதான வேலை ஒன்றே ஒன்று. உராய்வைக் குறைப்பது. இந்தச் சிவப்பு எண்ணெய் அப்படியல்ல. அது வண்டியையே இழுக்கிறது. எப்படி?

இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அந்தக் காற்றில் எதிரே இருக்கிற, கரன்ட்டே இல்லாத ஃபேனும் மெள்ளச் சுற்ற ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதில் ஒரு திரவத்தை நிரப்பி, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால்? அதைத்தான் 1905-ல் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் செய்து பேடன்ட் வாங்கினார். அவர் கார்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவர் கவலையெல்லாம் கப்பல். நீராவி டர்பைன் தலைதெறிக்கச் சுற்றும். கப்பலின் விசிறியோ நிதானமாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ள முடியும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தரகர் தேவைப்பட்டார். திரவம்தான் அந்தத் தரகர்!

இந்தப் பக்கம் அமெரிக்காவில் கார் ஓட்டிகள் கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துக் கியரை ஒழுங்காகப் போடுவது ஒரு வித்தை. கொஞ்சம் பிசகினாலும் 'கர்ர்ர்' என்று பற்கள் உரசும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். ஏர்ல் தாம்ப்ஸன் என்ற எஞ்சினீயர், சத்தமில்லாமல் கியர் விழுவதற்கு 'ஸிங்க்ரோமெஷ்' என்ற உபாயத்தைக் கண்டுபிடித்தார். 1928-ல் காடிலாக் கார்களில் அது வந்தது. மனிதர் அதோடு திருப்தியடையவில்லை. கியரை மனிதன் எதற்குப் போட வேண்டும் என்று கேட்டார்! ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் அவருடைய குழு பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்ததுதான் 'ஹைட்ரா-மேட்டிக்'. 1939 கடைசியில், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது அறிமுகமானது. கூடுதல் விலை 57 டாலர். கிளட்ச் பெடலே கிடையாது!

உள்ளே நடந்ததெல்லாம் எண்ணெயின் திருவிளையாடல். ஒரு பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. அந்த எண்ணெய், குறுகலான சந்துகள் நிறைந்த ஒரு வால்வுப் பலகையில் புகுந்து புறப்படுகிறது. வேகம் கூடினால் ஒரு வழி திறக்கிறது, குறைந்தால் மூடுகிறது. எந்தக் கிளட்ச் பிளேட்டை எப்போது இறுக்க வேண்டும் என்று 'முடிவெடுப்பது' அந்த எண்ணெய் அழுத்தம்தான். (அந்த நாளில் அதற்கு கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். இன்றைக்கு கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும், அது உத்தரவு போட, நிறைவேற்றுவது அதே எண்ணெய்தான்.)

அதற்குள் இரண்டாம் உலகப்போர். அமெரிக்காவின் எம்-5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு காடிலாக் எஞ்சின்களையும் இரண்டு ஹைட்ரா-மேட்டிக் கியர்களையும் பொருத்தினார்கள். சேற்றிலும் மேட்டிலும் பள்ளத்திலும் அது தாக்குப்பிடித்தது. போர் முடிந்ததும், 'யுத்த களத்தில் பரிசோதிக்கப்பட்டது' என்று விளம்பரம் செய்து விற்றார்கள்!

ஆனால், அந்தப் போர் இன்னொன்றையும் கொடுத்தது. கால் இழந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள். ஊர் திரும்பினார்கள். அமெரிக்காவில் கார் இல்லையென்றால் வேலைக்குப் போக முடியாது, கடைக்குப் போக முடியாது. 1946 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. கால் இழந்த, அல்லது கால் செயலிழந்த போர் வீரர்கள் வண்டி வாங்க 1,600 டாலர் வரை அரசே கொடுக்கும். ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி 'வேலியன்ட்' என்ற பெயரில், ஹைட்ரா-மேட்டிக்கோடு கையால் இயக்கும் கருவிகளையும் பொருத்தி அவர்களுக்காகவே கார்களைத் தயாரித்தது. பணக்காரர்களின் சொகுசு என்று ஆரம்பித்த விஷயம், கால் இல்லாதவனுக்குக் கால் ஆனது!

நம் கே.ஜி.கண்டிகைக்காரரிடம் இதைச் சொன்னபோது, சிரித்துக்கொண்டே தன் இடது முழங்காலைத் தட்டினார். "அப்ப நான் ஒருத்தன் மட்டும் இல்ல!"

சரி, திமிங்கலம் எங்கே என்கிறீர்களா? வந்துவிட்டது.

ஆட்டோமேட்டிக் கியரில் எண்ணெய்க்கு ஒரு விசித்திரமான நெருக்கடி. பற்சக்கரங்களும் பேரிங்குகளும் 'வழவழவென்று இரு' என்கின்றன. கிளட்ச் பிளேட்டுகளோ 'ரொம்ப வழுக்காதே, எங்களைப் பிடித்துக்கொள்ள விடு' என்கின்றன. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பிள்ளையின் நிலைமை! அதிகம் வழுக்கினால் வண்டி இழுக்காது. அதிகம் பிடித்தால் ஒவ்வொரு கியருக்கும் தூக்கிப் போடும், உதறும். பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியவில்லை. கூடவே ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

அந்த 'ஏதோ ஒன்று' ஆழ்கடலில் நீந்திக்கொண்டிருந்தது. எண்ணெய்த் திமிங்கலம்! தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் 'அம்பர்கிரீஸ் கடத்தல், நால்வர் கைது' என்று அடிக்கடி பேப்பரில் வருகிறதே, அந்த அம்பர்கிரீஸ் இதன் குடலில் உண்டாவதுதான். இதன் பெரிய மண்டைக்குள் இருக்கிற எண்ணெய், பெயருக்குத்தான் எண்ணெய். உண்மையில் அது திரவ நிலையில் இருக்கும் மெழுகு. சூட்டில் சுலபமாகக் கெடாது. உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். பிளேட்டுகள் உதறாமல், வழுக்கியும் விடாமல் பதமாகப் பிடிக்கும். 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப்-ஏ' என்று இந்த எண்ணெய்க்கு ஒரு தர நிர்ணயம் செய்தது. அந்தக் காலத்து கியர் எண்ணெய்களில் பதம் தருவதற்காகத் திமிங்கல எண்ணெயும் சேர்ந்தது.

19-ம் நூற்றாண்டில் விளக்கெரிக்கத் திமிங்கலத்தைக் கொன்றார்கள். மண்ணெண்ணெய் வந்தது. அப்பாடா, தப்பித்தது என்று நினைத்தால், 20-ம் நூற்றாண்டின் தொழிற்சாலைகள் அதைவிட வேகமாகக் கொல்ல ஆரம்பித்தன. 1964-ல் மட்டும் உலகெங்கும் கொல்லப்பட்ட எண்ணெய்த் திமிங்கலங்கள் ஏறத்தாழ 29 ஆயிரம்! ஒரே வருஷத்தில்! ஆட்டோமேட்டிக் கியர் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். இயந்திர எண்ணெய், தோல் பதனிடுதல், சோப்பு என்று பங்காளிகள் நிறைய. ஆனால், சிக்னலில் பச்சை விளக்கு எரிந்ததும் வழுக்கிக்கொண்டு கிளம்பிய கார்களுக்கும் அந்தப் பாவத்தில் ஒரு பங்கு உண்டு. ஓட்டியவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

1970-ல் அமெரிக்கா எண்ணெய்த் திமிங்கலத்தை 'அழியும் நிலையில் உள்ள உயிரினம்' என்று பட்டியலில் சேர்த்தது. அதன் எண்ணெயை இறக்குமதி செய்யத் தடை. 1973-ல் இன்னும் கடுமையான சட்டம். கார் கம்பெனிகளுக்குத் தலைவலி ஆரம்பம். பதிலுக்கு என்ன ஊற்றுவது? ரசாயனக்காரர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள். திமிங்கலம் இல்லாத புது எண்ணெயாக 'டெக்ஸ்ரான்-2' வந்தது. பாருங்கள் வேடிக்கையை... கியரை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டது. ஆனால், எண்ணெயைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குள் ஓடும் குழாய்களின் பற்றவைப்பை அரிக்க ஆரம்பித்துவிட்டது! மறுபடி திருத்தினார்கள், அரிப்பைத் தடுக்க மருந்து சேர்த்தார்கள். ஒரு பிராணி கோடிக்கணக்கான வருஷத்தில் தன் மண்டைக்குள் தயாரித்துவைத்திருந்ததைச் சோதனைச்சாலையில் காப்பியடிப்பது அத்தனை லேசாக இல்லை.

இன்னொரு பக்கம், அமெரிக்க - மெக்ஸிகோ பாலைவனத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு புதருக்கு யோகம் அடித்தது. ஹொஹோபா! (ஷாம்பு பாட்டிலில் 'ஜோஜோபா' என்று நாம் படிக்கிறோமே, அதேதான்.) அதன் விதையில் வரும் எண்ணெயும் திரவ மெழுகுதான். திமிங்கல எண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம். அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தார்கள். நம் ராஜஸ்தானில்கூட இன்று அது விளைகிறது. இன்றைக்கு நீங்கள் வாங்குகிற கியர் எண்ணெய் டின்னில் திமிங்கலம் கிடையாது. நிம்மதியாக வாங்கலாம்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். 'ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்' என்பது உண்மையா?

சில கார் கம்பெனிகள் அப்படித்தான் புத்தகத்தில் அச்சடிக்கின்றன. எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியைக்கூட எடுத்துவிட்டார்கள். பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டினால் வண்டி விற்கும். முதல் சொந்தக்காரர் சில வருஷம் ஓட்டிவிட்டு விற்றுவிடுவார். அவருக்குப் பிரச்னை வராது. சிக்குவது இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரர். அதாவது, நம் நர்சரிக்காரர்! ஆனால், அந்த கியர் பாக்ஸையே தயாரிக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? ஜெர்மனியின் இஸட்.எஃப். கம்பெனி உலகத்துப் பெரிய கார்களுக்கெல்லாம் கியர் பாக்ஸ் செய்து கொடுக்கிறது. அதன் பரிந்துரை, 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்துக்குள் எண்ணெயை மாற்ற வேண்டும் என்பதுதான்! லோடு, மலைப்பாதை, வெயில் என்றால் இன்னும் சீக்கிரம்.

காரணம், சூடு. எண்ணெயின் சூடு சுமார் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மே மாத வெயில், பின்னால் ஒரு டன் சுமை, ஊர்ந்து ஏறும் மலைப்பாதை... இதையெல்லாம் மனதில் வைத்து அந்த 'ஆயுசுக்கும்' எழுதப்படவில்லை. நம்மிடம் இது புது விஷயம் வேறு. நம் ஊர் பிக்கப் வண்டிகள் காலங்காலமாகக் கையால் கியர் போடுகிறவைதான். 2019-ல் இசுஸு வி-கிராஸ் பிக்கப் ஆட்டோமேட்டிக்கில் வந்தது. (அது தயாராவது திருத்தணிக்கு அதிக தூரமில்லாத, ஆந்திர எல்லை ஸ்ரீசிட்டியில்!) 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. இவையெல்லாம் இரண்டாவது கை, மூன்றாவது கை மாறப்போகிற காலம் இது. அதனால்தான் இத்தனை தூரம் சொல்கிறேன்.

மறுபடி பள்ளத்துக்கு வாருங்கள். சேம்பரின் அடியில் ஒரு காந்தம். அதன் மேல் சாம்பல் நிறத்தில் நைஸாக ஒரு பசை. விபூதியைக் குழைத்த மாதிரி. மெக்கானிக் அதை விரலால் வழித்து வெயிலில் காட்டினார்.

"இந்த மாதிரி மாவா இருந்தா தேய்மானம் சார், பரவால்ல. தூளு தூளா இரும்புச் சில்லு இருந்திருந்தா, சேம்பரை மூடிட்டு அண்ணன்கிட்ட துக்கம் விசாரிச்சிருப்பேன்!"

பழைய ஃபில்டரைக் கழற்றினார். தீப்பெட்டியைப் பெரிதாக்கித் தட்டையாக்கிய மாதிரி ஒரு பெட்டி. உள்ளே வலை அடைத்துப்போயிருந்தது. பம்புக்கு எண்ணெய் போகிற வாசலே அதுதான். அடைத்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பிளேட் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூட்டில் எண்ணெய் கருகும். கருகியது மறுபடி ஃபில்டரை அடைக்கும். திருத்தணி மேட்டில் வண்டி நின்ற ரகசியம் இதுதான்.

புது ஃபில்டர், புது பேக்கிங் போட்டு, போல்ட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் மாற்றி மாற்றி முறுக்கினார். எண்ணெய், அந்த வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கிற அதே ரகம். 'எல்லாமே சிவப்புதானே' என்று கிடைத்ததை ஊற்றினால், பழைய உதறல் கதை மறுபடி ஆரம்பமாகும். ஊற்றிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் வந்து, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் அளவு திருகைத் திறந்தார். நூல் மாதிரி கொஞ்சம் வழிந்தது. சரியான அளவு!

"இதோட முடிஞ்சிதா?" என்றார் நர்சரிக்காரர்.

"இல்லண்ணா. சேம்பரைக் கழட்டினா பாதிகூட வராது. மீதி கன்வெர்ட்டர்லயே நிக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு வாட்டி மாத்துவோம். மெஷின் வச்சு ஒரேடியா தள்ளினா, இத்தினி வருஷ அழுக்கும் கிளம்பி வால்வுல போய் உக்காந்துக்கும். பொறுமையா பண்ணுவோம். உள்ள பிளேட் எவ்ளோ கருகியிருக்குன்னு ஓட்டினாதான் தெரியும். நான் சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், மறுசுழற்சிக்கு வாங்குகிறவருக்காக பேரலில் ஊற்றி மூடியதும் பிடித்திருந்தது.

நர்சரிக்காரர் கைத்தடியை உள்ளே போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். வலது காலை பிரேக்கில் வைத்து லீவரை இழுத்தார். வண்டி முனகாமல் நகர்ந்தது. சோளிங்கர் பக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். அது சமதளம். நிஜமான பரீட்சை மலைப்பாதையில்தான்.

ஒரு மாதம் கழித்து போனில் கேட்டேன். இரண்டாவது தடவையும் எண்ணெய் மாற்றியாகிவிட்டது. கன்று லோடுடன் மலைப்பாதையில் ஏறியிருக்கிறார். "இரண்டாவது கியர் விழும்போது லேசா ஒரு தட்டு தட்டுது சார். மத்தபடி ஏறுது" என்றார். அந்தத் தட்டு, பிளேட்டில் ஏற்கெனவே கருகிப்போன பகுதி. எந்தப் புது எண்ணெயாலும் அதைத் திருப்பித் தர முடியாது. உரிய காலத்தில் மாற்றியிருந்தால், அதுவும் இருந்திருக்காது.

உங்கள் வீட்டில் ஆட்டோமேட்டிக் வண்டி இருந்தால், நாளைக்கே அதன் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். செகண்ட்ஹேண்ட் என்றால், எண்ணெய் எப்போது மாற்றியது என்று விற்றவரைக் கேளுங்கள். 'ஆயுசுக்கும்' என்று பதில் வந்தால், யாருடைய ஆயுசு என்று திருப்பிக் கேளுங்கள்!